குக்கர் தெரிந்தால் ரேடியேட்டர் தெரியும்

சித்திரை பிறந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கார் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் புகார், "வண்டி ஹீட் ஆகுது." சமயபுரத்துக்கோ திருச்சி ஆஸ்பத்திரிக்கோ குடும்பத்தோடு கிளம்பியவர், பாடாலூர் தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுவதைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பார். பிறகு சர்வீஸ் சென்டர், பில், பத்து நாளில் மறுபடியும் அதே கோளாறு, மறுபடியும் பில், கடைசியில் வாக்குவாதம். இத்தனைக்கும் நடுவில் வண்டிக்கு என்னதான் ஆனது என்பது உரிமையாளருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. தெரியாததால்தான் அவருடைய புகாரும் எங்கே போனாலும் எடுபடுவதில்லை.

இந்தக் கோளாறைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். காரை ஆற வைக்கும் அமைப்பின் சூட்சுமம் முழுக்க வீட்டுச் சமையலறையில் இருக்கும் பிரஷர் குக்கரில் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் வேலை செய்கின்றன. இரண்டும் கெட்டுப்போகும் விதமும் ஒன்றேதான்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எவ்வளவு தீயைக் கூட்டினாலும் அதற்குமேல் சூடு ஏறாது, ஆவியாகத்தான் போகும். குக்கரை மூடி வெயிட்டைப் போட்டதும் ஆவி உள்ளே அடைபடுகிறது. வீட்டுக் குக்கரின் வெயிட், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் வரை ஆவியை அடக்கி வைக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 120 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். துவரம்பருப்பு நாலு விசிலில் மசிவது அதனால்தான்.

இனி காருக்கு வருவோம். காலையில், வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அது பார் என்ற அழுத்த அளவு. 1 பார் என்பது ஏறக்குறைய அதே 1 கிலோதான். சில வண்டிகளில் இந்த மூடி ரேடியேட்டர் மேல் இல்லாமல் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் டேங்கின் மேல் இருக்கும், எண்ணும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். வேலை ஒன்றே: உள்ளே ஓடும் திரவம் 100 டிகிரியில் கொதித்துவிடாமல் அடக்கி வைப்பது. நாம் ஊற்றும் பெட்ரோலின் சக்தியில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். இன்னொரு பங்கு சைலன்சர் வழியே வெளியேறுகிறது. மிச்சமுள்ள பங்கை இன்ஜின் உலோகத்திலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே கொண்டுவந்து கொட்ட வேண்டிய பொறுப்பு அந்தத் திரவத்துக்கு, அதாவது கூலண்டுக்கு. அது திரவமாக இருக்கும்வரைதான் சூட்டை வாங்கும். கொதித்துக் குமிழியாகிவிட்டால் உலோகத்தின் மேல் ஆவிதான் நிற்கும். ஆவிக்குச் சூட்டை வாங்கிச் சுமக்கும் திறன் மிகக் குறைவு.

குக்கரில் இல்லாத ஒன்று காரில் உண்டு. திரவம் ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வாட்டர் பம்ப் தள்ளிவிட, இன்ஜினைச் சுற்றி வந்து, முன்பக்கம் உள்ள ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கி, எதிர்க்காற்றில் ஆறி, திரும்பவும் உள்ளே போகும். நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு. இன்ஜின் குளிர்ந்திருக்கையில் வழியை மூடி வைத்து, சுமார் 85 டிகிரி வந்ததும் திறந்துவிடும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது எதிர்க்காற்று இருக்காது. அப்போது ஃபேன் சுற்றிக் காற்றை இழுக்கும். இவ்வளவுதான் உறுப்புகள்.

மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் குக்கரின் வெயிட். அழுத்தம் அளவை மீறினால் ஸ்பிரிங் விலகி, கொஞ்சம் கூலண்டை ரிசர்வ் டேங்குக்கு அனுப்பும். வண்டி ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுவில் உள்ள குட்டி வால்வு வழியே அதே கூலண்டை உறிஞ்சித் திரும்ப எடுத்துக்கொள்ளும். மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். குக்கர் கேஸ்கெட் காய்ந்து வெடித்துவிட்டால் விசில் வராமல் ஓரத்தில் புஸ்ஸென்று ஆவி போய், தண்ணீர் வற்றி, பருப்பு அடிப்பிடிக்குமே, அதே கதைதான் காரிலும். சில நூறு ரூபாய் மூடியின் ரப்பர் போய்விட்டால் அழுத்தம் நிற்காது, கூலண்ட் சீக்கிரம் கொதிக்கும், வற்றும், இன்ஜின் அடிப்பிடிக்கும். மெக்கானிக்குகள் "ஹெட் வளைஞ்சு போச்சு, லேத்துல ஃபேஸிங் போடணும்" என்று சொல்லும் பெரிய செலவு பல சமயம் இந்தச் சின்ன ரப்பரில்தான் தொடங்குகிறது.

ஒரு விஷயத்தைக் கெஞ்சியே சொல்ல வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். விசில் அடங்காத குக்கரை யாரும் திறப்பதில்லை. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில், பதற்றத்தில், படித்தவர்களும் ரேடியேட்டர் மூடியில் கை வைத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தால் திரவமாகவே இருக்கும் கூலண்ட். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், அது மொத்தமாக ஆவியும் கொதிநீருமாய் முகத்தில் அடிக்கும். முள் சிவப்பைத் தொட்டால் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திருப்புங்கள், இன்ஜின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியே இழுக்கும். பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் ஒதுங்கி நில்லுங்கள். தகிக்கிற இன்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடும். "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தான், போயிடலாம்" என்று ஓட்டினால் இன்ஜின் இறுகி சீஸ் ஆகும். சீஸ் ஆன வண்டிக்கு வாரண்டி கேட்டால், ஹீட் ஆன பிறகும் ஓட்டினீர்கள் என்ற ஒரே காரணத்தைக் காட்டி மறுப்பார்கள். சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸும் கைகொடுக்காது.

இந்த இரண்டு மாவட்டங்களுக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் அதன் சாட்சிகளைப் பார்க்கலாம். அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகள். அதே கல்லுக்குள் ஊறி வரும் நிலத்தடி நீர்தான் பல ஊர்களில் போர்வெல் தண்ணீர். அதைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே உப்பு, அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். ஆலைக்கு டிப்பர் லாரியில் போகிற சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். தண்ணீரில் கரைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. சூடேறியதும் பிரிந்து ஒட்டிக்கொள்ளும்.

"கூலண்ட் கம்மியா இருக்கு, கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்று பெட்ரோல் பங்க் குழாயிலோ வீட்டு மோட்டாரிலோ பிடித்து ஊற்றும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுண்ணாம்பை ரேடியேட்டருக்குள் அனுப்புகிறோம். பாத்திரத்தில் படிந்தால் புளி போட்டுத் தேய்க்கலாம். ரேடியேட்டர் குழாய்கள் தட்டையான, மெல்லிய வழிகள். உப்பு படிந்தால் பாதை குறுகும், படிந்த உப்பு சூட்டையும் வெளியே விடாது. அங்கே சுரண்டவும் முடியாது. வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் வகைக் கூலண்டையே, அதில் சொல்லியிருக்கும் கால இடைவெளியில் மாற்றுங்கள். அவசரத்துக்கு ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பேட்டரிக்கு வாங்குகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் டிக்கியில் கிடக்கட்டும். இரண்டு விதக் கூலண்டைக் கலக்க வேண்டாம். கீழே சிந்தினால் கழுவிவிடுங்கள். அது லேசாக இனிக்கும், விஷமும்கூட. தெருநாய்கள் நக்கிவிடும்.

வெளிப்பக்கத் தொல்லை வேறு. கல்லங்குறிச்சி சாலையிலோ சிமென்ட் ஆலை வழிகளிலோ டிப்பர்களுக்குப் பின்னால் தினமும் போகிற காரின் ரேடியேட்டர் இடுக்குகளில் வெள்ளைத் தூசி அப்பிக்கொள்ளும். பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் அறுவடை முடிந்து சாலையில் காயப் போட்டிருக்கும் நாட்களில் அதன் மேல் ஏறிப் போகும் வண்டிகளில் உமியும் சருகும் முன்பக்கச் சல்லடையில் சிக்கும். ஈரம் பட்டால் தூசி இறுகிவிடும். சர்வீஸுக்கு விடும்போது ரேடியேட்டரையும் அதன் முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சரையும் சுத்தம் செய்யச் சொல்லி தனியாகக் கேளுங்கள். தண்ணீரை அதிவேகத்தில் நேராகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கி, காற்று வழியே அடைபட்டுவிடும். மெதுவான தண்ணீரில், முடிந்தால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடிக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் தெரிந்திருப்பதன் உண்மையான பயன் சர்வீஸ் சென்டர் கவுன்டரில் தெரியும்.

"குக்கர் ரிப்பேர், மிக்ஸி ரிப்பேர்" என்று தெருவில் குரல் கொடுத்து வருபவரிடம் வீட்டில் எப்படிச் சொல்கிறார்கள்? "அண்ணே, விசிலே வர மாட்டேங்குது. கைப்பிடிப் பக்கமா ஆவி போவுது. ரப்பர் போன மாசந்தான் மாத்துனேன்." அந்த மூன்றாவது வாக்கியத்தைக் கேட்டதுமே அவர் ரப்பரை விட்டுவிட்டு மூடியின் விளிம்பு நெளிந்திருக்கிறதா என்று பார்ப்பார். அவர் நேரமும் மிச்சம், நம் காசும் மிச்சம்.

அதே வீட்டிலிருந்து கார் போகும்போது நடப்பது இது.

"வாங்க சார், என்ன கம்ப்ளெயின்ட்?"

"ஹீட் ஆகுது தம்பி. என்னன்னு பாருங்க."

"சரிங்க சார், செக் பண்ணிடலாம். இங்க ஒரு கையெழுத்து."

கையெழுத்து வாங்கிய அந்த வேலைச் சீட்டில், அதாவது ஜாப் கார்டில், 'ஜெனரல் செக்கப்' என்று ஏறிவிடும். டெக்னீஷியன் கைக்குப் போவது அந்த இரண்டு சொல்தான். அவர் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தி ஓட்டிப் பார்ப்பார், முள் ஏறாது, கூலண்டை மாற்றிக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

குக்கருக்குச் சொன்ன மாதிரி காருக்கும் சொல்லிப் பாருங்கள். "பாலக்கரை நெரிசல்ல நின்னா முள்ளு ஏறுது. பைபாஸ்ல ஏறி ஓட ஆரம்பிச்சா இறங்கிடுது. நிக்கிறப்ப ஏ.சி. கூலிங்கும் குறையுது." இதைக் கேட்ட மெக்கானிக் நேராக ஃபேனுக்கும் அதன் ரிலேவுக்கும் போவார். ஓடும்போது எதிர்க்காற்று போதுமானதாக இருக்கிறது, நிற்கும்போதுதான் காற்று இல்லை என்பது அதில் தெளிவாகிவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, "ஊருக்குள்ள ஒண்ணுமில்ல. நாலு வழிச் சாலையில நூறுல அரை மணி நேரம் போனா ஏறுது" என்றால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், தெர்மோஸ்டாட் பக்கம் பார்க்க வேண்டும். "கூலண்ட் குறைஞ்சுக்கிட்டே வருது, ஆனா கீழ ஒரு சொட்டு ஒழுகல. காலையில ஸ்டார்ட் பண்ணினா வெள்ளைப் புகை வந்துக்கிட்டே இருக்கு" என்பது இருப்பதிலேயே கவலைக்குரிய வாசகம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் பிசுக்கு இருந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும். வண்டிக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தால் விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். நிறமில்லாமல் இருந்தால் ஏ.சி. தண்ணீர். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறமும் வழவழப்பும் இருந்தால் கூலண்ட்.

எந்த உறுப்பு கெட்டது என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் அதுவே நமக்கு எதிராகத் திரும்பும். "வாட்டர் பம்ப்பை மாத்துங்க" என்று கேட்டு மாற்றிய பிறகும் வண்டி ஹீட் ஆனால், கேட்டதைச் செய்துவிட்டோம் என்பார்கள். எப்போது, எங்கே, எவ்வளவு நேரத்தில், கூடவே வேறென்ன நடந்தது என்பதைச் சொல்லி, அந்தச் சொற்களே ஜாப் கார்டில் ஏறுகிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டாம் முறை போகும்போது 'முன்பு சொன்ன அதே புகார்' என்ற வரியையும், முந்தைய ஜாப் கார்டு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். முள் ஏறும்போது பக்கத்தில் இருப்பவர் கைபேசியில் வீடியோ எடுக்கட்டும், கிலோமீட்டர் எண்ணும் அதில் தெரியட்டும். வண்டியின் கணினியில் பதிவாகும் கோளாறுக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் ஸ்கேன் அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்து மாற்றிய உறுப்பின் பழைய துண்டையும் கேளுங்கள். வாரண்டியில் மாற்றியதென்றால் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வண்டியை எடுக்கும்போது ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் 'திருப்தி' என்ற இடத்தில் கையெழுத்திட வேண்டாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் சிரமம் உண்டு. பல கம்பெனிகளின் பெரிய சர்வீஸ் சென்டருக்குப் பெரம்பலூரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் திருச்சிக்கோ, அரியலூரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தஞ்சாவூருக்கோ போக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வேலை போகும். அதனால் அலுத்துப்போய் ஊர்ப் பட்டறையில் விடலாமா என்று கேட்பவர்களுக்கு, "வெளியில் கை வைத்தால் வாரண்டி போய்விடும்" என்ற பயம் காட்டப்படுகிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அளவுக்கு அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதே காரணம். வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. நடைமுறையில் வாரண்டி காலம் முடியும்வரை கம்பெனி சென்டரும், முடிந்த பிறகு நம்பிக்கையான ஊர் மெக்கானிக்கும் என்பதே செலவுக்கு ஏற்ற வழி என்பது என் கருத்து. ஊர் மெக்கானிக்கிடமும் பில் கேட்டு வாங்குங்கள்.

புகார் தீராமல் போனால் படிப்படியாக ஏறுங்கள். முதலில் சர்வீஸ் அட்வைசரைத் தாண்டி வொர்க்ஸ் மேனேஜருக்கு எழுத்தில் ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல். அடுத்து கார் கம்பெனியின் வாடிக்கையாளர் மையம். அங்கே தரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அதன்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் புகார் தரலாம். இது நீதிமன்றம் இல்லை, கம்பெனிக்கு எடுத்துச் சொல்லித் தீர்க்கப் பார்க்கும் இடம். கவுன்டரில் அசையாத பல விஷயங்கள் இங்கே அசைவதுண்டு.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பெரம்பலூரிலும் உண்டு, அரியலூரிலும் உண்டு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நமக்குத் தந்த பெரிய வசதி இங்கேதான்: சர்வீஸ் நடந்தது திருச்சியிலோ தஞ்சாவூரிலோ இருக்கலாம், கம்பெனியின் தலைமையகம் டெல்லியில் இருக்கலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வாடகைக்கு ஓட்டும் வண்டி என்றால் 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு வாதிடும். சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவருக்குச் சட்டம் விலக்குத் தந்திருக்கிறது.

என்ன கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். கோபத்தில் பலரும் "புது வண்டி கொடு" என்று தொடங்குகிறார்கள். கிளட்ச் கோளாறு பற்றிய ஒரு மாருதி கார் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், உற்பத்திக் குறை நிரூபிக்கப்படாத நிலையில் வண்டி முழுவதையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது, வாரண்டியின் கடமை பழுதான பாகத்தைச் சரிசெய்வதும் மாற்றுவதும்தான் என்று சொன்னது. உற்பத்திக் குறை என்று வாதிட்டால் நிபுணர் அறிக்கை தேவைப்படும், காலமும் நீளும். அதே கோளாறுக்குப் பலமுறை பணம் வாங்கியும் தீர்க்கவில்லை என்ற சேவைக் குறைபாட்டை நிரூபிக்க, நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் ஜாப் கார்டுகளே பெரும்பாலும் போதும். வீண் செலவைத் திருப்பிக் கேளுங்கள், சரியான பழுதுநீக்கத்தைக் கேளுங்கள், அலைச்சலுக்கு இழப்பீடு கேளுங்கள்.

வழக்குத் தொடரக் காலக்கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். அதுவரையாவது பழைய ஜாப் கார்டையும் பில்லையும் வெயிலில் வெளிறிப்போகும் டேஷ்போர்டில் போட்டு வைக்காமல், ஒரு பிரதி எடுத்து வீட்டு அலமாரியில் பத்திரப்படுத்துங்கள்.